புதிய சிறுநீரகத்துக்கு எவ்வளவு திரவம்? அறுவை அரங்கில் அறிகுறி பார்த்துச் செயல்படும் வழிமுறை

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் பி.பி. குறைந்தாலும் சிறுநீர் வராவிட்டாலும் கை முதலில் போவது டிரிப்பின் சக்கரத்துக்குத்தான். பல நேரம் அது சரியான வேலை. ஆனால் அதே இரண்டு அறிகுறிகளும் மருந்தால் விரிந்த ரத்தக் குழாயாலும், மடங்கிக் கிடக்கும் கதீட்டராலும், பொருத்திய தமனியில் விழுந்த முறுக்காலும் வரும். இவற்றில் எதையும் இன்னொரு பாட்டில் சரிசெய்யாது. பாட்டிலை மாட்டும் முன் காரணத்தைத் தேடும் பழக்கம் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்று அறுவை அரங்கில் புதிதாக நிற்கும் மயக்க மருத்துவர்கள், டெக்னீஷியன்கள், நர்ஸ்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. அளவுகள் பெரியவர்களுக்கானவை. உங்கள் பிரிவின் நெறிமுறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மயக்கம் கொடுக்கும் முன்பே கையில் இருக்க வேண்டிய தகவல்

கடைசி டயாலிசிஸ் எப்போது நடந்தது, அதில் எவ்வளவு நீர் எடுத்தார்கள், உலர் எடை (கூடுதல் நீரை எல்லாம் எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) என்ன, இன்றைய எடை என்ன. இந்த நான்கும் தெரியாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் ஊகம். உலர் எடை 58 கிலோ உள்ளவர் 57 கிலோவில் மேசைக்கு வந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவோடு வருகிறார். அவரே 61 கிலோவில் வந்தால் 3 லிட்டர் கூடுதலாகச் சுமந்து வருகிறார். இரண்டு நிலைக்கும் ஒரே கணக்கில் திரவம் கொடுக்க முடியாது.

நோயாளிக்குச் சொந்தமாக ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பழைய சிறுநீரகங்களை அப்படியே விட்டுவிட்டுத்தான் புதியதைப் பொருத்துகிறோம். தினமும் 800 மி.லி. போகிறவருக்குப் பையில் விழும் சிறுநீரைப் பார்த்து, புதிய சிறுநீரகம் வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வயிற்று டயாலிசிஸ் செய்பவராக இருந்தால் வயிற்றிலுள்ள திரவத்தை முழுதும் வடித்துவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும்.

எக்கோ அறிக்கையையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். நீண்ட நாள் டயாலிசிஸில் இருந்தவரின் இடது வென்ட்ரிக்கிள் பெரும்பாலும் தடித்து இறுகியிருக்கும். அந்த இதயத்துக்குத் திரவம் கொஞ்சம் குறைந்தாலும் பி.பி. விழும், கொஞ்சம் கூடினாலும் நுரையீரலில் நீர் கோக்கும். நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது.

அறிகுறி: மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் பி.பி. சரிகிறது

நேற்றோ இன்று காலையோ டயாலிசிஸ் முடித்து வந்தவருக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. ரத்தக் குழாய்க்குள் நீர் குறைவு, அதோடு மயக்க மருந்தான புரோபஃபால் குழாய்களை விரித்துவிடுகிறது. காலையில் ஏ.சி.இ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. வகை பி.பி. மாத்திரை போட்டிருந்தால் இன்னும் ஆழமாக விழும். பல வருடச் சர்க்கரை நோயாளிக்கு, விழும் பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் தன்னியக்க நரம்புகளும் பழுதாகியிருக்கும்.

முதலில் மயக்க மருந்தின் ஆழத்தைப் பாருங்கள், தேவைக்கு மேல் ஓடினால் குறையுங்கள். பி.பி.யை ஏற்றும் எஃபிட்ரின் அல்லது ஃபினைல்எஃப்ரின் சிறு அளவில் கொடுங்கள். கூடவே 250 மி.லி. திரவத்தை ஐந்து முதல் பத்து நிமிடத்தில் விட்டு, விளைவைப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு லிட்டரை அவசரமாக ஏற்றத் தேவையில்லை. ரத்தக் குழாய்களை இணைத்து, அவற்றை அடைத்துப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. குறைவு இருந்தால் அதற்குள் நிதானமாக ஈடுகட்டலாம்.

பி.பி. பட்டையை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் கட்டாதீர்கள், அந்தக் கையில் ஊசியும் போடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கை துணிக்கு அடியில் மறைந்தபின் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அறிகுறி: பி.பி. குறைவு, திரவத்தால் ஏறுமா என்று தெரியவில்லை

முன்பெல்லாம் சென்ட்ரல் லைன் போட்டு, சி.வி.பி. (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையின் அழுத்தம்) 12-ஐ எட்டும்வரை திரவம் ஏற்றுவார்கள். அந்த எண்ணை நம்பி நடந்த காலம் நீண்டது. ஆனால் இன்னும் திரவம் கொடுத்தால் இதயம் அதிக ரத்தத்தை வெளித்தள்ளுமா என்ற கேள்விக்குச் சி.வி.பி.யிடம் நம்பகமான பதில் இல்லை. இறுகிய இதயத்தில் சி.வி.பி. 14 காட்டும்போதும் திரவம் குறைவாக இருக்கலாம். 6 காட்டும்போது போதுமான அளவு இருக்கலாம். சென்ட்ரல் லைன் இருந்தால் பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலினுக்கும், நிராகரிப்பைத் தடுக்கும் தைமோகுளோபுலினுக்கும் பயன்படட்டும். எண் திடீரென்று ஏறினால் கவனியுங்கள். இலக்காக மட்டும் வைக்காதீர்கள்.

ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து பி.பி. அளக்கும் குழாய்) இருந்தால் மானிட்டரில் அலையை உற்றுப் பாருங்கள். வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சைத் தள்ளும்போதும் அலையின் உச்சி லேசாக எழுந்து, அடுத்த இரண்டு மூன்று துடிப்பில் தாழ்ந்து, மறுபடி எழும். திரவம் குறைந்தவரிடம் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும். அலைகளின் உச்சிகளைச் சேர்த்து மனதுக்குள் ஒரு கோடு போட்டால் அது நெளியும். இதைத்தான் பல்ஸ் பிரஷர் வேரியேஷன் என்று மானிட்டர் சதவீதமாகச் சொல்கிறது. 13%-க்கு மேல் இருந்தால் திரவம் பலன் தர நல்ல வாய்ப்பு. 9%-க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு. இடையில் இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

இந்த எண்ணை நம்ப நான்கு நிபந்தனைகள் உண்டு. இதயத்துடிப்பு சீராக இருக்க வேண்டும், நோயாளி தானாக மூச்சு விடக்கூடாது, ஒரு மூச்சின் அளவு கிலோவுக்கு 8 மி.லி.க்கு அருகில் இருக்க வேண்டும், வலது இதயம் சரியாக இயங்க வேண்டும். நுரையீரலைப் பாதுகாக்க 6 மி.லி.யில் ஓட்டிக்கொண்டிருந்தால், உண்மையில் குறைவு இருந்தும் எண் சிறிதாகவே காட்டும்.

அப்போது நேரடிச் சோதனைதான் வழி. 250 மி.லி.யைப் பத்து நிமிடத்தில் விடுங்கள். ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம்) அளக்கும் கருவி இருந்து அது 10% ஏறினால் இதயம் திரவத்தை ஏற்கிறது. மறுபடி ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு வேண்டியது நார்அட்ரினலின்.

நார்அட்ரினலின் கொடுத்தால் புதிய சிறுநீரகத்தின் குழாய் சுருங்கிவிடும் என்ற பயம் அரங்கில் அடிக்கடி கேட்கும். பெரிய அளவில் ஓட்டினால் அந்தப் பயம் நியாயம். சிறிய அளவில் ஓட்டி சராசரி அழுத்தத்தைக் காப்பது, அழுத்தமே இல்லாமல் சிறுநீரகத்தைப் பட்டினி போடுவதைவிட எவ்வளவோ மேல். 'சிறுநீரகத்துக்கான டோஸ்' என்று சொல்லிச் சிறிய அளவில் டோபமின் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது சிறுநீரகத்தைக் காப்பதில்லை, துடிப்பைத்தான் ஏற்றுகிறது.

அறிகுறி: கிளாம்ப் எடுக்கப் பத்து நிமிடம் இருக்கிறது, அழுத்தம் போதவில்லை

முழு அறுவையிலும் திரவத்துக்கு மிக முக்கியமான நேரம் இது. பொருத்திய சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. ஐஸில் இருந்துவிட்டு வந்ததால், அழுத்தம் மாறினாலும் தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனும் மங்கியிருக்கும். ஆகவே அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் ஓட்டம். சராசரி அழுத்தம் 80-க்கு அருகில், சிஸ்டாலிக் 120-க்கு மேல் என்று பல இடங்களில் இலக்கு வைக்கிறார்கள். எப்போதும் 160-ல் இருந்து பழகியவருக்கு 120 போதாமல் போகலாம், அவரது வழக்கமான பி.பி.யையும் கணக்கில் எடுங்கள்.

சிரையை இணைத்து முடித்துத் தமனியை ஆரம்பிக்கும்போதே அறுவை மருத்துவரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அலையில் நெளிவு இருந்தால் இப்போதே நிரப்புங்கள். மயக்க மருந்தை லேசாகக் குறையுங்கள். நார்அட்ரினலினைக் கோத்துத் தயாராக வையுங்கள். அழுத்தம் வராமல் இருந்தால், இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு மதிப்பு உண்டு.

மேனிட்டால் கொடுக்கும் வழக்கம் உங்கள் பிரிவில் இருந்தால் அதுவும் இந்த நேரத்தில்தான். கிலோவுக்கு 0.25 முதல் 0.5 கிராம், அதாவது 60 கிலோ நோயாளிக்கு 20% மேனிட்டால் 75 முதல் 150 மி.லி. அது திசுக்களிலிருந்து நீரை ரத்தக் குழாய்க்குள் இழுக்கும். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனால் மேனிட்டால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், நுரையீரலில் நீர் கோக்கவும் சோடியம் இறங்கவும் காரணமாகும். ஏற்கனவே 3 லிட்டர் கூடுதலாக வந்தவருக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

அறிகுறி: கிளாம்ப் எடுத்ததும் பி.பி. தடாலென்று விழுகிறது

முதலில் அறுவை நடக்கும் இடத்தைப் பாருங்கள், மானிட்டரைப் பிறகு பார்க்கலாம். இணைப்பில் ரத்தம் கசிகிறதா, சக்‌ஷன் பாட்டிலில் சத்தத்தோடு ஏறுகிறதா? கசிந்தால் அறுவை மருத்துவர் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் வேகமாக நிரப்புங்கள்.

கசிவு இல்லாவிட்டால் மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. காலியாக இருந்த சிறுநீரகம் ரத்தத்தால் நிரம்புகிறது. இதுவரை அடைபட்டிருந்த காலுக்கு ஓட்டம் திரும்பி, அங்கே தேங்கிய அமிலம் வெளியே வருகிறது. சிறுநீரகத்துக்குள் மிச்சமிருக்கும் பாதுகாப்புத் திரவமும் குளிர்ச்சியும் இதயத்துக்குப் போகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகும். 250 மி.லி. திரவம், எஃபிட்ரின் அல்லது நார்அட்ரினலின் சிறிது, அவ்வளவு போதும்.

ஈ.சி.ஜி.யில் டி அலை கூரானால் இந்தப் பகுதியை விட்டுப் பொட்டாசியம் பகுதிக்குப் போங்கள். தைமோகுளோபுலின் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். முதல் டோஸ் குறைந்தது 6 மணி நேரம் ஓட வேண்டிய மருந்து அது. பம்பில் வேகம் தவறாகப் போட்டிருந்தால் பி.பி. விழும், மூச்சுக்குழல் இறுகும், நுரையீரலில் நீர் கசியும்.

சின்னக் குழந்தைக்குப் பெரியவரின் சிறுநீரகம் பொருத்தும்போது இதே வீழ்ச்சி பல மடங்கு கடுமையாக வரும். அந்தச் சிறுநீரகம் ஒன்றே குழந்தையின் மொத்த ரத்தத்தில் கணிசமான பங்கை இழுத்துக்கொள்ளும். அது தனி வழிமுறை, அனுபவம் உள்ள ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

அறிகுறி: சிறுநீர் வரவில்லை

அறை அமைதியாகி எல்லோரும் பையையே பார்க்கும் நேரம். உயிருள்ள கொடையாளரின் சிறுநீரகம் என்றால் கிளாம்ப் எடுத்த சில நிமிடங்களில் சாம்பல் நிறம் மாறி இளஞ்சிவப்பாகி, தொட்டால் விறைப்பாக இருக்கும். இன்னும் சிறுநீர்ப்பையில் இணைக்காத யூரிட்டரின் வெட்டு முனையில் ஒரு துளி திரண்டு, வடிந்து, அடுத்தது திரளும். இறந்த கொடையாளரின் சிறுநீரகம் நெடுநேரம் ஐஸில் இருந்தது என்றால் இது நடக்க நேரமாகும், சில சமயம் நாட்கள் ஆகும்.

வராவிட்டால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கதீட்டர். யூரிட்டரை இணைக்க வசதியாகச் சிறுநீர்ப்பையைச் சலைனால் நிரப்பி, கதீட்டரைக் கிளாம்ப் போட்டு வைப்பார்கள். அந்தக் கிளாம்பை எடுக்க மறந்திருக்கலாம். துணிக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கலாம். ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். துணிக்கு அடியில் குனிந்து குழாயைக் கையால் தொட்டு முழு நீளமும் தடவிப் பாருங்கள். ரத்தக் கட்டி என்று தோன்றினால் அறுவை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு மெதுவாக அலசுங்கள். கிளாம்பைத் திறந்ததும் முதலில் விழுவது அந்தச் சலைன்தான், அதைச் சிறுநீர்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து அழுத்தம். சராசரி அழுத்தம் 65-ல் இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். மேலே சொன்னபடி திரவம் வேண்டுமா, நார்அட்ரினலின் வேண்டுமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

மூன்றாவது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நாம் கேட்பது குறைவு, ஆனால் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. வெளிறித் தொளதொளவென்று இருந்தால் தமனியில் ஓட்டம் போதவில்லை. முறுக்கு, மடிப்பு, கட்டி ஏதாவது இருக்கலாம். ஊதாவாகி, வீங்கி, கல் போல இறுகியிருந்தால் சிரையில் அடைப்பு. திட்டுத்திட்டாக நீலமாகி நம் கண் முன்னாலேயே தளர்ந்தால் அதிதீவிர நிராகரிப்பையும் நினைக்க வேண்டும். இவை மூன்றும் அறுவை மருத்துவரின் கையில் உள்ளவை. இங்கே பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். மேசையிலேயே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் நல்ல நிறத்தில், விறைப்பாக, டாப்ளரில் நல்ல ஓட்டத்தோடு இருக்கிறது, யூரிட்டர் முனையிலும் துளி வந்தது, இணைத்தபின் பையில் மட்டும் இல்லை என்றால் யூரிட்டர் இணைப்பில் கசிவு, முறுக்கு, அடைப்பு ஆகியவற்றைத் தேடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் துளிகூட இல்லை. இதுதான் குளிரிலும் ரத்த ஓட்டம் இல்லாமலும் அடிபட்ட சிறுநீரகம். அது விழிக்கத் தேவை நேரம், நல்ல அழுத்தம், வீங்காத சுற்றுப்புறம். அழுத்தம் 80-ல் நின்று, அலையில் நெளிவும் இல்லாதபோது மூன்றாவது, நான்காவது லிட்டரை ஏற்றினால் அது சிறுநீராக மாறாது. குடலிலும் நுரையீரலிலும் அந்தச் சிறுநீரகத்திலுமே வீக்கமாகச் சேரும். ஃப்ரூசமைடு கொடுப்பது பழக்கம், வேலை செய்யும் சிறுநீரகத்தில் அது சிறுநீர் ஓட்டத்தைக் கூட்டும். ஆனால் தாமதமாக விழிக்கும் சிறுநீரகத்தை அது சீக்கிரம் எழுப்பிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டு, பிறகு வருடக்கணக்கில் நன்றாக உழைக்கும் சிறுநீரகங்கள் நிறைய உண்டு. அதைச் சொல்லி அறையின் பதற்றத்தைக் குறைப்பதும் நம் வேலைதான்.

அறிகுறி: வந்துகொண்டிருந்த சிறுநீர், வயிற்றை மூடியதும் நின்றது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இதற்கு ஒரே பதில்தான் முதலில் வர வேண்டும். தசைகளை மூடும்போது சிறுநீரகம் நகர்ந்து குழாய் மடங்கியிருக்கலாம், அல்லது இடம் போதாமல் சிறுநீரகம் நசுங்கியிருக்கலாம். கதீட்டரையும் பி.பி.யையும் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள், டாப்ளர் வைக்கட்டும், தேவைப்பட்டால் திறக்கட்டும். நோயாளியை எழுப்பி வார்டுக்கு அனுப்பிய பிறகு கண்டுபிடித்தால் காலம் கடந்திருக்கும்.

அறிகுறி: பொட்டாசியம் ஏறுகிறது, டி அலை கூராகிறது

டி அலை கூராகி, பி.ஆர். இடைவெளி நீண்டு, க்யூ.ஆர்.எஸ். அகலமாகிறது என்றால் லேப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாக ஊசியில் கொடுங்கள், ஈ.சி.ஜி. மாறாவிட்டால் மறுபடி கொடுங்கள். இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும். குறைக்க, இன்சுலின் 10 யூனிட்டும் 25 கிராம் குளுக்கோஸும், அதாவது 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. சல்புட்டமாலை வென்டிலேட்டர் குழாய் வழியாகக் கொடுக்கலாம். சிறுநீரகம் வேலை செய்யாதவரிடம் இன்சுலின் நெடுநேரம் தங்கும் என்பதால் அடுத்த பல மணி நேரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

ஈ.சி.ஜி. இயல்பாக இருந்து எண் மட்டும் கூடுதலாக வந்தால், ரத்த மாதிரியில் சிவப்பணு உடைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி அனுப்புங்கள்.

அப்புறம் காரணம் தேடுங்கள். தசையைத் தளர்த்தும் சக்ஸாமெத்தோனியம் கொடுத்திருந்தால் அதுவே லிட்டருக்கு 0.5 முதல் 1 மி.மோல் ஏற்றும். பழைய ரத்தப் பை ஏற்றினீர்களா? கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறதா? சிறுநீரகத்தை ஊறவைத்த பாதுகாப்புத் திரவம் சரியாக அலசப்பட்டதா? அத்தகைய திரவங்களில் ஒன்றான விஸ்கான்சின் கரைசலில் லிட்டருக்கு 120 மி.மோலுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. கடைசியாக, எத்தனை லிட்டர் சலைன் போயிருக்கிறது? இந்தக் கேள்வி பலருக்கு வியப்பாக இருக்கும், அடுத்த பகுதி அதற்காகத்தான்.

அறிகுறி: பிஹெச் இறங்குகிறது, குளோரைடு ஏறுகிறது

சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் கலந்த திரவம் ஆகாது, ஆகவே 0.9% சலைன்தான் பாதுகாப்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு ஏறக்குறைய 4 மி.மோல் பொட்டாசியம், பிளாஸ்மாலைட்டில் 5. நோயாளியின் ரத்தத்தில் 5.5 இருக்கும்போது 4 உள்ள திரவத்தைக் கலந்தால் 5.5-க்கு மேல் எப்படிப் போகும்? மறுபக்கம், சலைனில் சோடியமும் குளோரைடும் 154. ரத்தத்தின் குளோரைடு 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். லிட்டர் கணக்கில் சலைன் போனால் குளோரைடு ஏறி, பைகார்பனேட் இறங்கி, ரத்தம் அமிலமாகிறது. அமிலமானதும் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது. உடலின் பொட்டாசியத்தில் பெரும்பங்கும் செல்லுக்குள்தான் இருக்கிறது, அதில் சிறு பங்கு வெளியே வந்தாலே எண் ஏறிவிடும். பொட்டாசியமே இல்லாத பாட்டில் பொட்டாசியத்தை ஏற்றுவது இப்படித்தான்.

2005-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், மாற்று அறுவையின்போது பொட்டாசியம் 6-க்கு மேல் போனவர்கள் சலைன் குழுவில்தான் இருந்தார்கள், ரிங்கர் லாக்டேட் குழுவில் ஒருவரும் இல்லை. 2023-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு இன்னும் பெரியது. இறந்த கொடையாளரின் சிறுநீரகம் பெற்ற 800-க்கும் மேற்பட்டவர்களைச் சலைன், பிளாஸ்மாலைட் என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைனில் 40%, பிளாஸ்மாலைட்டில் 30%. பாட்டிலை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பலன் இது. என்னைக் கேட்டால், ரிங்கர் லாக்டேட், பிளாஸ்மாலைட் போன்ற சமநிலைத் திரவம் கையில் இருக்கும்போது இந்த அறுவையில் சலைனை முதல் தேர்வாக எடுக்கக் காரணமே இல்லை.

ஏற்கனவே அமிலம் ஏறிவிட்டால், சலைனை நிறுத்திச் சமநிலைத் திரவத்துக்கு மாறுங்கள். வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ரத்தத்தின் லாக்டேட் அளவைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் சலைன் மட்டும் காரணமில்லை, எங்கோ ரத்த ஓட்டம் குறைகிறது. பைகார்பனேட் கொடுக்க நேர்ந்தால் கால்சியம் போகும் அதே குழாயில் கொடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் படிந்துவிடும்.

ஸ்டார்ச் வகைத் திரவங்கள் இந்த அறுவைக்கு வேண்டாம். சிறுநீரகத்துக்குக் கேடு என்று தெரிந்தபின் புதிதாக வந்த ஒன்றுக்கு அதைக் கொடுப்பது முறையல்ல. கூழ்மத் திரவம் தேவை என்று தோன்றினால் ஆல்புமின் இருக்கிறது.

அறிகுறி: மூச்சுக்குழல் அழுத்தம் ஏறுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது

டியூப் மடிப்பு, சளி, ஒரு பக்க நுரையீரல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதுவரை போன திரவத்தைக் கூட்டிப் பாருங்கள். மருந்துகளோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் போன சிறு பாட்டில்களையும் சேருங்கள், அவை எல்லாம் சேர்ந்து கணிசமாக வரும். நுரையீரல் அல்ட்ராசவுண்டில் இரு பக்கமும் செங்குத்துக் கோடுகள் நிறையத் தெரிந்தால் நீர் கோத்திருக்கிறது. எல்லா டிரிப்பையும் நிறுத்துங்கள், பீப் (மூச்சு வெளியேறியபின்னும் நுரையீரலில் வைக்கும் அழுத்தம்) கூட்டுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். சிறுநீரகம் வேலை செய்தால் ஃப்ரூசமைடு. செய்யாவிட்டால் நீரை வெளியேற்ற டயாலிசிஸ் மட்டுமே வழி, அந்தக் குழுவை இப்போதே கூப்பிடுங்கள். டியூபை எடுக்க அவசரப்பட வேண்டாம்.

அறிகுறி: ஹீமோகுளோபின் குறைந்து வருகிறது

சமீபத்தில் எவ்வளவு திரவம் கொடுத்தோம் என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் நீர்த்துப்போனதுதான் காரணம். சக்‌ஷன், பஞ்சு, டிரெயின் மூன்றும் சுத்தமாக இருந்து பி.பி.யும் நிலையாக இருந்தால் 7-க்கு மேல் பொறுக்கலாம். இதய நோய் இருந்தால் 8. ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தமும் நோயாளியின் உடலில் புது எதிர்ப்புப் பொருட்களை உண்டாக்கலாம். அது இந்தச் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல, பின்னாளில் இன்னொன்று தேவைப்பட்டால் பொருத்தம் கிடைப்பதையும் கடினமாக்கும். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் வெள்ளணு நீக்கிய ரத்தம்.

அறிகுறி: ஃபிஸ்டுலாவில் அதிர்வு தெரியவில்லை

அவ்வப்போது ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு மங்கினால் கை அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, அழுத்தத்தை ஏற்றுங்கள். சிறுநீரகம் விழிக்கத் தாமதமானால் நாளை டயாலிசிஸுக்கு அந்த ஃபிஸ்டுலாதான் வேண்டும்.

அறிகுறி: சிறுநீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது

அறை முழுக்க மகிழ்ச்சி, அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மணிக்கு 500 மி.லி., 800 மி.லி. என்று போனால் அடுத்த சில மணி நேரத்தில் நோயாளி வறண்டு பி.பி. விழலாம். ஆரம்பத்தில் போகும் அளவையே திரும்பக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அளவு மிக அதிகமானால் முழுதும் ஈடுகட்டாமல் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, பி.பி., நாடி, எடை மூன்றையும் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எதையும் பார்க்காமல் மி.லி.க்கு மி.லி. கொடுத்துக்கொண்டே போனால், நாம் ஊற்றுவதையே சிறுநீரகம் வெளியேற்றும், அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர, மணிக்கு மணி ஈடுகட்டும் பங்கைக் குறைத்துப் பாருங்கள். பி.பி. நின்று, சிறுநீர் மட்டும் தானாகக் குறைந்தால் அது நாம் ஊற்றியது.

எந்தத் திரவம் என்பதும் முக்கியம். இந்தச் சிறுநீரில் சோடியம் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு என்பதால் வார்டில் 0.45% சலைனைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. 5% டெக்ஸ்ட்ரோஸில் ஈடுகட்டினால் ஒவ்வொரு லிட்டருக்கும் 50 கிராம் சர்க்கரை போகிறது. ஏற்கனவே ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறோம், சர்க்கரை ஏறி, அதுவே சிறுநீரை இன்னும் கூட்டும். நேற்றுவரை பொட்டாசியம் ஏறுமே என்று பயந்தவருக்கு இன்று பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் அனுப்புங்கள். வார்டுக்கு ஒப்படைக்கும் தாளில் மொத்தம் போன திரவம், அதில் சலைன் எவ்வளவு, கடைசி ஒரு மணி நேரச் சிறுநீர், நோயாளியின் பழைய சிறுநீர் அளவு, கடைசிப் பொட்டாசியம், ஓடிக்கொண்டிருக்கும் நார்அட்ரினலின் அளவு ஆகியவற்றை எழுதி, இரவுப் பணியில் இருப்பவரிடம் நேரில் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள்.